தமிழ்நாட்டில் 2022இல் சொத்து வரியைக் கூட்டியது மாநில அரசா, மத்திய அரசா? ஏன் மாற்றி மாற்றிக் கைகாட்டுகிறார்கள்?

ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு, அதனால்தான் ரெண்டு பேருமே தப்பிக்க முடிகிறது.

மத்திய அரசின் வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் தர ஒரு நிபந்தனை போட்டது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் ஏற வேண்டும். இது டெல்லி பக்கம். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று 2022 ஏப்ரலில் முடிவு செய்தது தமிழ்நாடு அரசுதான். பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு வரி 25 சதவீதம் கூடியது, 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில், அதாவது மாநகராட்சி விரிவாவதற்கு முன்பே அதில் இருந்த இடங்களில், இதுவே 50இல் தொடங்கி 150 வரை போனது.

சென்னையில் அதற்கு முன் 1998இல்தான் திருத்தினார்கள். 2018இல் கூட்டினார்கள், ஆனால் எதிர்ப்பு வந்து மறு வருஷமே நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுக்குப் பயந்து இருபது வருஷம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் மொத்தமாக ஏற்றினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சிறிய வீட்டுக்குக் குறைவு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவு வேறு, வருமானம் வேறு. அப்பா கட்டிய 2,000 சதுர அடி பழைய வீட்டில் பென்ஷனை நம்பி இருப்பவர் அதிக உயர்வு உள்ள தட்டில் மாட்டுகிறார். அப்புறம் வாடகைக்கு இருப்பவர்கள். ரசீதில் அவர்கள் பெயர் இருக்காது, ஆனால் வாடகையோடு சேர்த்துக் கட்டுவது பல இடங்களில் அவர்கள்தான்.