கணக்குக்குப் பதில் சுற்றுலா

வணக்கம் சார்,

என் மகள் இங்கே பெரம்பூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். பதினொன்றில் காமர்ஸ் எடுத்து, கணக்குக்குப் பதிலாகச் சுற்றுலா பாடம் படிக்கப்போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். “ஊர் சுத்துறதுக்கு ஒரு பாடமா?” என்று கேட்டுவிட்டு என் கணவர் இரண்டு நாளாக அவளிடம் பேசவில்லை. மார்க் வராத பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற பாடம் அது என்கிறார் நாத்தனார். அவள் 86 சதவீதம் வாங்கியவள். எங்கள் வீட்டில் யாரும் லீவுக்கென்று எங்கும் போனதில்லை, கோயிலுக்குப் போனதோடு சரி. இதில் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்கட்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு டிராவல்ஸ் வேனில் காஞ்சிபுரம் கூட்டிப்போனேன். காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம் என்றார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆளை ஏற்றி, வழியில் காபிக்கு நிறுத்தி, ஊருக்குள் போனதும் ஒரு பட்டுக் கடையில் ஒன்றரை மணி நேரம் இறக்கிவிட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயில் வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியாகிவிட்டது, இனி நாலு மணிக்குத்தான். சித்திரை வெயில். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு. செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கியவள் கால் சுடுகிறது என்று தவிக்க, பூக்கடை அம்மா ஒரு கோணிச் சாக்கை விரித்து நிற்க வைத்தார். பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று டிரைவரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர்தான். வண்டி ஓட்டுவது தவிர வேறெதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா ஆறு மாதம் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு நாள் அது.

மத்தியானம் நடை சாத்துவார்கள் என்பது அந்தப் பூக்கடை அம்மாவுக்குத் தெரியும். பயணத் திட்டம் போட்டவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பட்டுக் கடையை முன்னால் வைத்தார். சுற்றுலாப் படிப்பு என்றால் எனக்கு அந்தக் கோணிச் சாக்குதான் நினைவுக்கு வரும். அடுத்தவருடைய ஒரு நாளைக் கையில் வாங்கிக்கொள்கிற வேலை இது. அதைக் கெடுக்காமல் திருப்பிக் கொடுக்கப் படித்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம் காட்டுங்கள்: சிபிஎஸ்இயில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தின் எண் 806. எழுத்துத் தேர்வுக்கு 60, செய்முறைக்கு 40 மதிப்பெண். விடுதி ஒன்று எப்படி நடக்கிறது, டிராவல் ஏஜென்ட் என்ன செய்கிறார், வழிகாட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும், ஒரு ஊருக்குக் கூட்டம் வந்தால் அந்த ஊருக்கு என்ன ஆகும் என்று போகிறது படிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. 1980-ல் பட்லர் என்ற புவியியல் அறிஞர் ஒரு வளைகோடு வரைந்தார். சுற்றுலா ஊருக்கும் ஆயுள் உண்டு: யாரோ சிலர் கண்டுபிடிக்கிறார்கள், ஊர்க்காரர்கள் அறை வாடகைக்கு விடுகிறார்கள், பெரிய முதலீடு வருகிறது, ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதற்குமேல் சரிவு, இல்லையென்றால் புது உயிர். மீனவக் குப்பமாக இருந்து, அலைச்சறுக்குக்காரர்கள் வந்து, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2021-ல் வாங்கிய, சென்னைக்குத் தெற்கே இருக்கும் நம் கோவளம் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று உங்கள் மகள் யோசிக்கட்டும். இது வெறும் ஊர் சுற்றலா, சொல்லுங்கள்.

நாத்தனார் சொல்வதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்ததிலிருந்தே, ‘வொக்கேஷனல் குரூப்’ என்றாலே மார்க் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்திவிட்டோம். இங்கிலாந்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. அங்கே 2002-ல் ‘ஓய்வும் சுற்றுலாவும்’ என்ற பாடத்தை, நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான ஜிசிஎஸ்இ தேர்வுக்குள்ளேயே கொண்டுவந்து, இரண்டு பாடங்களுக்குச் சமமாக வைத்தார்கள். தொழில் படிப்பும் மற்றதற்குக் குறைந்ததல்ல என்று காட்டத்தான். தலைப்பில் ஓய்வு என்று இருப்பதைக் கவனியுங்கள். லீவுக்கு எங்கும் போனதில்லை, கோயிலுக்குப் போனதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதானம்மா நம் ஊர்ச் சுற்றுலா. தமிழ்நாட்டுக்குள் சுற்றுகிறவர்களில் பெரும் கூட்டம் உங்களைப் போன்ற குடும்பங்கள்தான். உங்களுக்கு நல்லபடியாகச் செய்துகொடுக்க ஆள் வேண்டும்.

சரி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதையும் சொல்கிறேன். கணக்கை விட்டால், கணக்கு கேட்கும் சில பட்டப்படிப்புகள் கைவிட்டுப் போகும். கணக்கை வைத்துக்கொண்டு இதை ஆறாவது பாடமாக எடுக்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்துக்குப் போக நினைத்தால், அதற்கு என்சிஎச்எம் நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஆரம்பச் சம்பளம் குறைவு. தீபாவளியன்று ஊரெல்லாம் வீட்டில் இருக்கும்போது அவள் வேலையில் நிற்பாள். 2020-ல் இந்தத் தொழில் ஒரே மாதத்தில் படுத்ததையும் மறந்துவிடாதீர்கள். அந்த 40 செய்முறை மதிப்பெண்ணை வகுப்பறையில் சார்ட் ஒட்டியே போட்டுவிடும் பள்ளியா, வெளியே கூட்டிப்போகும் பள்ளியா என்று முன்பே விசாரியுங்கள். சார்ட் பள்ளி என்றால் வேண்டாம்.

அவளுக்கு இதில் மனம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலை கொடுங்கள். மதுரையிலிருந்து வயதான தம்பதி, விடிகாலை ரயிலில் எழும்பூரில் இறங்குகிறார்கள், ஒரே நாள் சென்னை. அறை பன்னிரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றால் எங்கே குளிப்பார்கள்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளியன்று திறக்காது. கபாலி கோயில் மத்தியானம் சாத்திவிடும். அந்த மூன்று, நான்கு மணி நேரம் அவர்களை எங்கே உட்கார வைப்பது? மெரினாவில் ஐஸ் ஹவுஸைக் காட்டினால் என்ன சொல்வது? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் கட்டியது, 1897-ல் விவேகானந்தர் தங்கியது என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிகிறதா? கடைசியில் அந்தப் பாட்டி சாயந்திரம் மணலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? பேப்பரை எடுத்து மணிவாரியாக எழுதச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கழிப்பறையைச் சொல்லாமலே அவளாக எழுதினால், பள்ளியில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் எனக்கும் ஒரு உதவி. அம்மாவுக்கு இப்போது எண்பது. வரும் பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் பார்க்க வேண்டும் என்கிறாள். அன்றைக்கு மாட வீதிக்குள் வண்டி போகாது, நிற்கவே இடம் இருக்காது. ஆட்டோவை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குப் போனால் நிழலில் ஒரு திண்ணை கிடைக்கும் என்று உங்கள் மகளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.