எவரெஸ்ட் அடிவார முகாம் நடைக்கு என்ன துணிமணி, என்ன சாமான் எடுத்துப் போக வேண்டும்?

நீங்கள் தந்த விவரம் இது: அக்டோபர் கடைசி வாரம், நேபாள மலையூர் லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப 12 நாள், இரவில் லாட்ஜ், இருவருக்கு ஒரு போர்ட்டர், இதுவரை பார்த்த பெரிய குளிர் கொடைக்கானல். கேள்வியில் இவ்வளவு விவரம் இருப்பதால் பொதுப்பட்டியல் தராமல் இதற்கேற்பவே சொல்கிறேன்.

கொடைக்கானல் 2,100 மீட்டர். நீங்கள் நடக்கத் தொடங்கும் லுக்லாவே சுமார் 2,850 மீட்டர். ஆக உயரத்தில் தங்கப்போகும் கோரக் ஷேப் 5,160 மீட்டருக்கு மேல். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, லுக்லாவுக்கும் கோரக் ஷேப்புக்கும் இடையே மட்டும் 15 டிகிரி வித்தியாசம். முதல் இரண்டு நாள் பகலில் டி-ஷர்ட்டோடு வியர்த்து நடப்பீர்கள். எவரெஸ்டைப் பார்க்கக் காலா பத்தர் முகட்டில் ஏறும் விடியற்காலையில் மைனஸ் 10-க்குக் கீழே நிற்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பைதான்.

அந்தப் பைக்கும் எல்லை உண்டு. லுக்லா போகும் குட்டி விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ: பெரிய பை 10, தோள்பை 5. இருவர் பையும் சேர்ந்து போர்ட்டர் முதுகில் 20 கிலோவைத் தாண்டாமல் இருப்பதுதான் நியாயம். எனவே வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்மதிப்பில் கட்டிய பை எப்போதும் 3 கிலோ கூடவே இருக்கும்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்: நடக்கும்போது குளிராது, நின்ற பிறகுதான் குளிரும். ஏற்றத்தில் உடம்பு அடுப்பு மாதிரி எரியும், வியர்த்துக் கொட்டும். டீ குடிக்க உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்த வியர்வை ஆவியாகி உடம்புச் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும், காற்றும் சேர்ந்தால் நடுக்கம். குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர் போட்டு நடப்பவர்தான் சாயங்காலம் நடுங்குபவர். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நின்றதும் முதல் வேலை பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டுவது. குளிர் தெரிந்த பிறகு மாட்டுவதில் பயன் பாதிதான்.

பருத்தியை ஏன் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள் என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும், காயாது. ஜீன்ஸ் இன்னும் மோசம். பனியன், ஜட்டி, பிரா உட்பட உள்ளே போடுவதெல்லாம் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியாக இருக்கட்டும். கடைத்தெருவில் ‘தெர்மல்’ என்று விற்கும் உள்ளாடைகள் பலவற்றில் பருத்தி கலந்திருக்கும். உள்ளே தைத்திருக்கும் துண்டுச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரே விலக்கு நம் ஈரிழைத் துண்டு. மெல்லியது, மடித்தால் கைக்குட்டை அளவு, வெயிலில் அரைமணியில் காயும். அதற்கு மாற்றாகத் தனியாக மைக்ரோஃபைபர் டவல் வாங்கத் தேவையில்லை.

மேலுக்கு: முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட் 2 (வெயிலுக்கும் கை மூடியிருக்க வேண்டும்), தெர்மல் மேல்-கீழ் 2 ஜோடி, ஃப்ளீஸ் (செயற்கை இழை ஸ்வெட்டர்) 1, தொப்பி வைத்த டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்தூவி அடைத்தது) 1, மழை ஜாக்கெட் 1. தெர்மலில் ஒரு ஜோடி படுக்க மட்டும். அதைப் பகலில் தொடவே தொடாதீர்கள். காய்ந்த உடையோடு படுப்பதுதான் மலையில் தூக்கத்துக்கு முதல் மருந்து. நடக்கும் பேண்ட் 2 போதும். மெல்லியதாக, சட்டென்று காய்வதாக இருக்கட்டும். வழியிலுள்ள டிங்போச்சே ஊருக்கு மேலே போனதும் அதற்கு உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளலாம். உள்ளாடை 4. தினம் ஓர் உடை என்ற கணக்கை விட்டுவிடுங்கள், அங்கே யாரும் யாரையும் முகர்ந்து பார்ப்பதில்லை.

அக்டோபரில் மழை ஏது என்று மழை ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாக இறங்கியது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல பருவம் என்பதெல்லாம் சராசரிக் கணக்கு. ஜாக்கெட்டில் நீர் தாங்கும் அளவு 10,000 மி.மீ. என்றாவது போட்டிருக்க வேண்டும், தையல் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், அக்குளில் ஜிப் இருந்தால் வியர்வைக்கு நல்லது. போஞ்சோ (தலைவழி மாட்டும் மழைப் போர்வை) கீழே காட்டுப்பாதைக்குச் சரி. மேலே காற்றில் பட்டமாகிவிடும்.

டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் 12 நாளுக்காக வாங்க வேண்டாம். காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும். பெரிய நிறுவனப் பெயர் தைத்த நகல்களும் அங்கே மலிவு. பெயரைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள். கையில் கசக்கி விட்டால் உடனே உப்பி எழ வேண்டும். உள்ளே குச்சி குச்சியாக நெருடினால் மென்தூவியைவிட இறகுத்தண்டுதான் அதிகம். ஜிப்பை ஐந்தாறு முறை இழுத்துப் பாருங்கள்.

ஸ்லீப்பிங் பேகில் பலர் ஏமாறும் இடம் அதில் போட்டிருக்கும் எண். மூன்று வெப்பநிலை உண்டு. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணிநேரம் உயிர் போகாமல் இருக்கும் அளவு. மூன்றில் எதைப் பெரிதாகப் போட்டால் விற்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும், அது மைனஸ் 10 அளவில் இருக்கட்டும். லாட்ஜ் அறையில் அடுப்பு கிடையாது, சுவர் வெறும் பலகை. அடுப்பு எரிவது சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், அதுவும் ராத்திரி சீக்கிரம் அணைந்துவிடும். கம்பளிப் போர்வை தருவார்கள், அதை மேலே போர்த்திக்கொள்ளலாம். வாடகைப் பைக்கு உள்ளே விரிக்க ஒரு லைனர் (மெல்லிய துணி உறை) உங்களுடையதாக இருப்பது நல்லது.

படுக்கும் முன் ஒரு லிட்டர் வெந்நீர் வாங்கிக் கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸில் போட்டு, கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதுவே குடிக்கும் தண்ணீர். கடையில் வாங்கும் மெல்லிய தண்ணீர் பாட்டில் வெந்நீரில் சுருங்கிவிடும். சூடு காக்கும் ஃபிளாஸ்க்கோ வெளியே சூடு விடாது, காலுக்குப் பயனில்லை.

இனி கால். மற்ற எதில் தப்பு செய்தாலும் வழியிலுள்ள நாம்ச்சே பஜாரில் வாங்கித் திருத்திக்கொள்ளலாம், பூட்ஸில் மட்டும் முடியாது. கணுக்கால் மூடும் பூட்ஸை மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் திரும்பி இறங்கும் நாட்களில் கட்டைவிரல் நகம் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். நகத்தைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். புதுப் பூட்ஸை ஊரிலேயே 60 கிலோமீட்டராவது நடந்து பழக்கிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், படிக்கட்டும் இருந்தால் நல்லது.

நண்பரிடம் ஐந்தாறு வருடம் பெட்டியில் கிடந்த நல்ல பூட்ஸ் இருக்கிறது, வாங்கிப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்றால் காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். கடற்கரை ஊரில் இன்னும் வேகமாக. பார்த்தால் புத்தம்புதிதாக இருக்கும், நடந்த இரண்டாம் நாள் அடி அப்படியே கழன்று வரும்.

நடக்கும் சாக்ஸ் 3 ஜோடி, படுக்க தனியாக 1. குதிகாலிலோ விரலிலோ சூடாக உறுத்தினால் அங்கேயே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவது வைத்தியம்தான், தடுப்பு இல்லை. லாட்ஜுக்குள் போட ஹவாய் செருப்பு எடுத்துப் போகாதீர்கள். சாக்ஸோடு அதை மாட்ட முடியாது, ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போதுதான் அது தெரியும். முன்பக்கம் பட்டை வைத்த சாண்டல் போதும்.

நடைக்கோல் இரண்டு. இறக்கத்தில் முழங்காலைக் காப்பது அதுதான். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம். ஏற்றத்தில் 5 செ.மீ. குறைத்து, இறக்கத்தில் 5 செ.மீ. கூட்டுங்கள். முறுக்கிப் பூட்டும் வகை குளிரில் வழுக்கும், நெம்புப் பூட்டு வாங்குங்கள்.

கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன்மேல் போடத் தடித்த உறை ஒன்று. காலா பத்தரில் போட்டோ எடுக்கத் தடித்ததைக் கழற்றும்போது மெல்லியது கையில் இருக்கும். தலைக்கு வெயில் தொப்பி ஒன்று, கம்பளிக் குல்லாய் ஒன்று. மார்கழியில் சென்னையில் மாட்டினால் சிரிப்பார்களே, அந்த மங்கி கேப் அங்கே படுக்கும்போது போட்டுக்கொள்ள நன்றாகவே உதவும். கழுத்தில் மாட்டும் பஃப் (குழாய் போன்ற துணி) 2: வறண்ட குளிர்காற்றும் யாக் மாடு கிளப்பும் புழுதியும் சேர்ந்து தரும் கும்பு இருமல் (கும்பு என்பது எவரெஸ்ட் பகுதியின் பெயர்) ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. வாயையும் மூக்கையும் மூடி நடந்தால் உங்கள் மூச்சின் ஈரமே தொண்டையைக் காக்கும்.

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பது அந்த உயரத்தில் செல்லாது. எஸ்பிஎஃப் 50 களிம்பை மூக்கின் அடிப்பக்கம், காது மடல் உட்படத் தடவுங்கள், பனியிலிருந்து ஒளி கீழிருந்தும் அடிக்கும். வெயில் கண்ணாடி புற ஊதா 400 (UV400) தடுப்போடு, பக்கம் மூடியதாக, கருமையில் மூன்றாம் வகை அல்லது நான்காம் வகை.

தோள்பை 25 முதல் 30 லிட்டர். போர்ட்டர் உங்களுக்கு முன்னே போய்விடுவார், பெரிய பையை மாலையில்தான் பார்ப்பீர்கள். எனவே பகலில் தேவைப்படக்கூடிய எல்லாம் உங்கள் தோளில்: டவுன் ஜாக்கெட், மழை ஜாக்கெட், கையுறை, குல்லாய், தண்ணீர் 2 லிட்டர், ஹெட் டார்ச், மருந்து, பாஸ்போர்ட், பணம், கழிப்பறைக் காகிதம். போர்ட்டரிடம் கொடுக்கும் பை சக்கரம் இல்லாத டஃபிளாக (நீண்ட துணிப்பை) இருக்கட்டும், அவர் அதை நெற்றிப் பட்டையில்தான் தூக்குவார். உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்து அதற்குள் துணியை அடுக்குங்கள்.

தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை. அட்டையில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் குளிர்ந்த நீருக்குக் கூடுதல் நேரம் விட வேண்டும். ஃபில்டர் வைத்திருந்தால் அதை இரவில் ஸ்லீப்பிங் பேகுக்குள் போட்டுப் படுங்கள். ஒருமுறை உறைந்தால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, கிருமி மட்டும் வந்துகொண்டிருக்கும். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பை மேலே போனால் உறையும். பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் வாய்ப்பக்கம் கடைசியில்தான் உறையும். போன், பவர் பேங்க், லென்ஸ் கரைசல், ஈரத் துடைப்பான் எல்லாமே ராத்திரி உங்களோடு படுக்க வேண்டியவை.

மருந்தில் பாரசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், கொப்புள டேப். மலையுயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸை டாக்டரைக் கேட்டு மட்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டயமாக்ஸ் விரலை மரமரக்கச் செய்யும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம். பெண்கள் நாள் கணக்கு எப்படி இருந்தாலும் நாப்கின் எடுத்துப் போவது நல்லது. தின்பண்டம் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்: சாக்லேட் குளிரில் கல்லாகிவிடும், கடலைமிட்டாய் எப்போதும் போலத்தான் இருக்கும். தினம் இரண்டு வேளை தால் பாத் (பருப்பும் சோறும்) சாப்பிட 100 கிராம் பருப்புப்பொடி நாக்கைக் காப்பாற்றும்.

கடைசியாக விமான நாள். நடைக்கோல் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றிப் போட்டால் இரண்டையும் பிடுங்கிவிடுவார்கள். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் ஒன்று போதும், அது 100 வாட்-மணி எல்லைக்குள் வரும். பூட்ஸைச் சென்னையிலேயே காலில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். பெட்டி தொலைந்தால் தமேலில் எல்லாம் கிடைக்கும், உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. எடை கொஞ்சம் கூடினால் டவுன் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு வரிசையில் நில்லுங்கள், தராசில் ஏறுவது பை மட்டும்தான் என்றால் அரைக்கிலோ மிச்சம்.