சொந்த ஊரில் சுற்றிப்பார்க்க என்ன இருக்கிறது?

"பிறந்ததிலிருந்து ஒரே நகரத்தில் இருக்கிறேன், இங்கே புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு கிடைத்திருக்காது, கூட வேலை பார்ப்பவர்கள் மலையுச்சியில் நின்று படம் அனுப்பியிருப்பார்கள், அந்தக் கடுப்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே கடுப்பு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போகும். வருஷக்கணக்காக வண்டியில் போன தெருதான். வண்டி ரிப்பேருக்குப் போன சமயத்தில் நடந்தபோதுதான், கடைக்கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர் இருப்பதைப் பார்த்தேன். அதில் உட்கார்ந்துதான் எல்லோரும் போன் நோண்டுவார்கள். எதிர்ப்பக்கமும் அதே உயரம், அதே சுண்ணாம்புக் காரை, இடுக்கில் பறவை போட்டுவிட்டுப் போன விதையில் முளைத்த அரசங்கன்று. பாலத்தின் கைப்பிடிச் சுவர்கள்! ரோட்டை மேலே மேலே போட்டதில் பாதி புதைந்துவிட்டன.

கொஞ்சம் தள்ளி ஒரு நீர்மருது. வெளிர் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பட்டை, அங்கங்கே ஏடு ஏடாக உரிந்திருந்தது. கீழே கிடந்த காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நாரோடிய கெட்டிக் காய், நீளவாக்கில் ஐந்து இறக்கைகள். ஆற்றங்கரை, ஓடைக்கரை மரம் அது.

தெரு வளைந்தால் ஓடையா, மரத்தை யாராவது நட்டிருக்கலாமே என்று சிலர் கிளம்புவீர்கள். நியாயம்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சாட்சி இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் வந்ததால்தான் பழைய சர்வே வரைபடத்தைத் தேடினேன். அந்த வளைவு அதில் நீர்வழியாகவே இருந்தது. பெருமழைக்கு அந்தத் தெருவில் மட்டும் ஏன் முட்டளவு தண்ணீர் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

எங்கள் ஊருக்கு மட்டுமான அதிசயம் இல்லை இது. லண்டனில் ஃப்ளீட் ஆறு இன்றும் சாலைக்கு அடியில்தான் ஓடுகிறது. சியோலில் சோங்க்யேசோன் ஓடையை 1958 முதல் மூடி, மேலே மேம்பாலமும் கட்டினார்கள். பிறகு 2003இல் இடிக்க ஆரம்பித்து, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள்.

அப்புறம், மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகத் திட்டுத் திட்டாக இருப்பதைப் பாசி என்று ஒதுக்காதீர்கள். அது லைக்கனாக இருக்கலாம். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். பாரிஸ் நகரத்துக்குள் மற்ற இடங்களில் அரிதான லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்தில் இருப்பதைப் பார்த்து, அதைக் காற்றின் சுத்தத்தோடு 1866இல் முடிச்சுப் போட்டவர் வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலாளர். அவரும் ஊருக்குள்தான் பார்த்தார்.

ஆரம்பிக்க நல்ல நேரம், மழை விட்ட உடனே. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நடங்கள். ஆனால் நின்று பார்க்க முடியுமா என்பது வேறு விஷயம். நான் அந்தக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடைபாதை மேலேயே பைக்கில் வந்த ஒருவர், "ஓரமா நில்லுங்க சார்" என்று ஹாரன் அடித்தார். நடைபாதைக்கு ஓரம் எங்கே இருக்கிறது? நடப்பவன் சாக்கடை மூடி மேல் நிற்க வேண்டுமாம், இவர் சிக்னலைத் தவிர்க்க வேண்டுமாம். கேட்டால் அவசரம் என்பார்கள். இதைப் பற்றி யாராவது கேள்வி கேளுங்கள், தனியாக ஒரு பதில் எழுதுகிறேன்.