தளர்ந்துபோன அப்பா தனியே வீட்டிலேயே இருக்க, வெளியிலிருந்து வரும் உதவி போதுமா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. நடை தளர்ந்துவிட்டது, முதியோர் இல்லம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டுக்கே வந்து உதவும் சமூக அமைப்புகளை நம்பி விடலாமா என்பது கேள்வி.

விடலாம். ஆனால் 'ஒரு ஆள் வேணும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த வேலை அவருக்குக் கைமீறிப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கள் பெரியம்மாவுக்கு இந்த ஏற்பாடுகளை எல்லாம் கவனித்துக்கொள்பவன் நான். முதல் முறை வந்த நர்ஸ், ரத்த அழுத்தக் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். கையில் கடிகாரம். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் விழும் அபாயம் இருப்பதாகக் கணக்கு. பெரியம்மாவுக்கு அதைவிட நிறையவே பிடித்தது. அப்புறம் செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் நகங்கள் வளர்ந்து சுருண்டு பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தன. குனிய முடியாத மனுஷி யாரிடம் போய் நகம் வெட்டிவிடச் சொல்வார்? எல்லாரும் முழங்கால் வலி என்றே நினைத்திருந்தோம். நகம் வெட்டியபின் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். (சர்க்கரை நோய் இருந்தால் இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் கத்தரிக்கோலோடு இறங்கிவிடாதீர்கள்.)

அடுத்து அந்த நர்ஸ் கேட்டது, "நீங்களே செய்யணும்னு எதை நினைக்கிறீங்க?" பெரியம்மா யோசிக்கவே இல்லை. "பக்கத்துல யாரும் நிக்காம குளிக்கணும்."

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில் உருவான 'கேப்பபிள்' திட்டமும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு நர்ஸ், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு தெரபிஸ்ட், வீட்டில் சில்லறை ரிப்பேர் பார்க்கும் ஒருவர், இந்த மூவர்தான் குழு. சில மாதங்களுக்குள் முடிந்துவிடும் வேலை. மூன்றாமவரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பெரியம்மா வீட்டில் குளியலறைச் சுவரில் கைப்பிடி, உள்ளே ஒரு முக்காலி, கைக்கு எட்டும் ஷவர், வழுக்காத விரிப்பு, அவ்வளவுதான் போட்டது. குளிப்பாட்ட ஆள் தேவைப்படவில்லை.

எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்யும் உதவியாளரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. தளர்ந்த உடம்பு உட்கார்ந்தே இருந்தால் தசை கரைந்துகொண்டே போகும். சட்டைப் பொத்தானை அவர் ஐந்து நிமிடம் போட்டால் போடட்டும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவர்தான் நல்ல உதவியாளர்.

அப்புறம், வருகிறவர்கள் பலர் என்றால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. மாத்திரை கொடுப்பவர் ஒருவர், பெருக்குகிறவர் ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர். 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் 'ஆன் லோக்' என்ற அமைப்பு தொடங்கிய பராமரிப்பு முறை, பின்னால் 'பேஸ்' என்ற பெயரில் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதில் டாக்டரும் நர்ஸும் இருக்கும் குழுவில், முதியவர்களை வீட்டிலிருந்து பகல்நேர மையத்துக்கு அழைத்து வரும் வண்டி ஓட்டுகிறவருக்கும் இடம் உண்டு. காலையில் கூப்பிடப் போகும்போது கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகிறது, படியில் எந்தக் கால் தடுமாறுகிறது என்று முதலில் பார்ப்பவர் அவர்தானே.

நம் வீட்டுக்கு அதை ஒரு நோட்டில் செய்துகொள்ளலாம். வாசல் பக்கம் வையுங்கள், வருகிற எல்லாரும் ஒரு வரி எழுதட்டும். 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதினால் பயனில்லை. 'இன்று நாற்காலியிலிருந்து எழ இரண்டு முறை முயன்றார்' என்று எழுதச் சொல்லுங்கள். இதையெல்லாம் சேர்த்துப் படிக்கிற பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

எல்லாரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்ல மாட்டேன். இரவில் எழுந்து வெளியே போய்விடுகிறவர், தூக்கி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டியவர், இவர்களுக்கு வந்து போகும் உதவி பற்றாது. பார்த்துக்கொள்கிற நீங்களே படுத்துவிடும் நிலைமை என்றாலும் அப்படித்தான். சில நாள் ஓய்வுக்காக மாற்று ஆள் தருவார்களா என்று அமைப்பிடம் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்பா உதவியே வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். அவருக்கே எரிச்சலாக இருக்கும் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆள் வரட்டும். மற்றதை இரண்டு மாதம் கழித்துப் பேசலாம்.