119 தோல்விக்குப் பிறகு ராக்கீஸ்: கேள்வி பதில்

டென்வரின் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ் 2025 சீசனை 43 வெற்றி, 119 தோல்வி என்று முடித்தது. அடித்த ரன் 597, கொடுத்த ரன் 1,021. இந்த 424 ரன் பள்ளத்தில் 1900க்குப் பிறகு வேறு எந்த அணியும் விழுந்ததில்லை. பொது மேலாளர் பில் ஷ்மிட் போய்விட்டார். 2025 நவம்பரில் பால் டிபொடெஸ்டா பேஸ்பால் நிர்வாகத்தின் தலைமைக்கு வந்தார். கிளப்கள் கூடி ஆள் பேரம் பேசும் 2025 டிசம்பர் கூட்டங்களுக்கு முன்னால் ரசிகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: எல்லாத்துக்கும் டென்வரோட உயரம்தான் காரணம்ங்கிறாங்க. உண்மையா, சாக்கா?

பாதி உண்மை. ராக்கீஸின் சொந்த மைதானமான கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊர்களோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய 82 சதவீதம்தான். சுழலும் பந்து காற்றைப் பிடித்துத்தான் திசை மாறுகிறது. காற்று குறைந்தால் அந்த மாற்றமும் அதே அளவுக்குக் குறையும். சான் டியாகோவில் சுழற்சியின் பலத்தில் 18 அங்குலம் தாங்கி நிற்கும் ஒரு ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து), கூர்ஸில் 15 அங்குலத்துக்கும் கீழே வந்துவிடும். பேட்டின் பருமன் 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆக, இங்கே வித்தியாசமே ஒரு பேட்டின் பருமனைவிட அதிகம். அங்கே பேட்டுக்கு மேலே தப்பிப் போகும் பந்து இங்கே பேட்டின் நடுவில் வந்து உட்காரும். வளைந்து விழும் கர்வ் பாலும் விழ வேண்டிய இடத்தில் விழாது. அடிபட்ட பந்து மட்டும் 400 அடிக்குப் பதில் 420 அடி பறக்கும்.

மீதிப் பாதி சாக்கு. 2018ல் இதே மைதானத்தை வைத்துக்கொண்டு பிட்சர் (பந்துவீச்சாளர்) கைல் ஃப்ரீலாண்ட் 17 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி, அதாவது ஈஆர்ஏ, 2.85. 2025ல் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ராக்கீஸின் தொடக்கப் பிட்சர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஈஆர்ஏ 6.65. அந்தக் கணக்கு அதிகாரபூர்வமான 1913லிருந்து இவ்வளவு மோசமான எண் கிடையாது. மைதானம் 1995லிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: அதுக்குத்தான் பந்தை ஈரப்பத அறையில வைக்கிறாங்களே?

2002லிருந்து வைக்கிறார்கள். அது டென்வரின் வறட்சிக்கு மருந்து. காய்ந்த பந்து பேட்டில் பட்டால் கூடுதலாகத் துள்ளும், விரலிலும் வழுக்கும். 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் இரண்டும் சரியாகும். காற்றின் அடர்த்தியை எந்த அறையாலும் மாற்ற முடியாது. இப்போது 30 மைதானங்களிலும் அந்த அறை வந்துவிட்டதால் தனிச் சலுகை என்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: கூரை போட்டு மூடிட்டா?

கூரை மழையைத்தான் தடுக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியே இருக்கும் அளவுதான்.

கேள்வி: அப்போ எந்த மாதிரி பிட்சரைத் தேடணும்?

வேகத்தை முதலில் பார்க்காதீர்கள். அவருடைய பந்துகளில் எத்தனை சுழற்சியை மட்டுமே நம்பியிருக்கின்றன என்று பாருங்கள். உயரே தாங்கும் ஃபாஸ்ட்பால், பெரிய வளைவுள்ள கர்வ், பக்கவாட்டில் நீளமாக ஓடும் ஸ்வீப்பர் மூன்றுக்கும் கூர்ஸில் சேதம் அதிகம். போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும் குட்டை ஸ்லைடர், கட்டர், வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப் ஆகியவை அவ்வளவு இழப்பதில்லை.

இளம் பிட்சர் சேஸ் டோலண்டரைப் பாருங்கள். கிளப்கள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், 2023ல் 9வது ஆள், கையில் நிஜமான சரக்கு இருக்கிறது. 2025ல் வெளியூரில் அவர் ஈஆர்ஏ 3.5 அளவில், சொந்த மைதானத்தில் கிட்டத்தட்ட 10. அதே கை, அதே பந்து. உயரே வீசும் ஃபாஸ்ட்பாலை முதல் ஆயுதமாகக் கொண்டவருக்கு இப்படி ஆவதில் ஆச்சரியமில்லை. அவருக்கு இரண்டு திட்டம் வேண்டும். வெளியூரில் இப்போது வீசுவதையே வீசட்டும். டென்வரில் கட்டரும் கீழே இறங்கும் சிங்க்கரும் முன்னால் வந்து, ஃபாஸ்ட்பால் மூன்றாவது இடத்துக்குப் போகட்டும். ஒரே சீசனில் இதை மாற்றி மாற்றிச் செய்வது சிரமம்தான். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் அபாயம் உண்டு. அதனால் பழக்கத்தை ராக்கீஸின் கிளை அணி ஆடும் அல்புகர்க்கியில் தொடங்க வேண்டும். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான அந்த டிரிபிள்-ஏ மைதானமும் 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே பிட்சர்களின் எண்கள் கண்றாவியாக இருக்கும். எண்ணைப் பார்த்துப் பயந்து கீழே இறக்குவதுதான் பெரிய தப்பு.

கேள்வி: பேசாம பெரிய பணம் கொடுத்து ஒரு ஏஸ் பிட்சரை எடுத்துடலாமே? அணியோட மொத்தச் சம்பளம் தாண்டினா வரி கட்டணும்ங்கிற வரம்புக்கு எவ்வளவோ கீழதானே இருக்கோம்?

எடுத்துப் பார்த்தாயிற்று. 2000 டிசம்பரில் பிட்சர் மைக் ஹாம்ப்டனுக்கு 8 ஆண்டு, 121 மில்லியன் டாலர். டென்னி நீகிளுக்கு 5 ஆண்டு, 51 மில்லியன். ஹாம்ப்டனின் ஈஆர்ஏ முதல் ஆண்டு 5.41, அடுத்த ஆண்டு 6.15, மொத்தம் 21 வெற்றி, 28 தோல்வி. இரண்டே சீசனில் தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்று, இது ஐபிஎல் ஏலம் இல்லை. அதிகப் பணம் கேட்ட அணிக்கு ஆள் தானாக வந்துவிட மாட்டார்; ஒப்பந்தம் முடிந்த ஆள், அதாவது ஃப்ரீ ஏஜென்ட், தானே தேர்ந்தெடுப்பார். நல்ல பிட்சர் தன் எண்கள் கெடும் ஊருக்கு வர வேண்டுமென்றால் இரண்டு பங்கு கேட்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். மூத்த பிட்சர் இரண்டு பேருக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்து 150 இன்னிங்ஸ் வாங்கிக்கொள்வது போதும். நன்றாக வீசினால் ஜூலையில் விற்கலாம், சொதப்பினால் அக்டோபரில் கணக்கு முடிந்துவிடும்.

கேள்வி: கிரிஸ் பிரையன்ட்டை எப்படித்தான் கழற்றுவது?

பேட்டரான அவருக்கு 2022ல் 7 ஆண்டு, 182 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நான்கு சீசனில் ஆடியது 170 ஆட்டம், 2025ல் வெறும் 11. முதுகெலும்புத் தட்டுத் தேய்மானம். ஒப்பந்தம் 2028 வரை ஓடுகிறது.

வேறு அணிக்கு மாற்றும் ட்ரேட் நடக்காது. அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சம்மதித்தாலும் வாங்க ஆளில்லை. விடுவித்தால் பாக்கி முழுவதும் ராக்கீஸ் தலையில்தான். வேறு கிளப் எடுத்தால் அது குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் தரும். அவராக ஓய்வு பெற்றால் பாக்கியை இழப்பார், எனவே பேசித் தீர்த்தால்தான் உண்டு.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. கிளப் தன் முதன்மைப் பட்டியலில் 40 பேரைத்தான் வைக்கலாம். 60 நாள் காயப் பட்டியலில் இருப்பவர் அந்த 40 பேர் கணக்கில் வர மாட்டார். ஆனால் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்த 5 நாளில் அந்தப் பட்டியலே கலைந்துவிடும், பிப்ரவரியில் முகாம் திறந்த பிறகுதான் மறுபடி வரும். அதாவது ஆட்களைச் சேர்க்க வேண்டிய இந்த மூன்று மாதமும் பிரையன்ட் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். ஒரு வேலைக்கு ஆகும் இளம் பிட்சரை வெளியே விட்டு இந்த இடத்தைக் காப்பதா என்பதுதான் டிபொடெஸ்டாவின் முதல் பரீட்சை. என்னைக் கேட்டால் விடுவித்துவிடலாம். பணம் எப்படியும் போனதுதான், இடமாவது மிஞ்சும்.

கேள்வி: 119 தோத்தும் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்காதாமே? என்ன அநியாயம்!

விதி அப்படி. முதல் 6 இடங்களுக்குக் குலுக்கல். மோசமான மூன்று அணிகளுக்குத் தலா 16.5 சதவீத வாய்ப்பு. ஆனால் வருவாய்ப் பங்கீட்டில் பணம் பெறும் அணி மூன்று ஆண்டு தொடர்ந்து குலுக்கல் இடத்தில் எடுக்க முடியாது. ராக்கீஸ் 2024ல் 3வதாக சார்லி காண்டனையும், 2025ல் 4வதாக ஈதன் ஹாலிடேவையும் எடுத்துவிட்டது. எனவே 2026ல் 10க்கு முன்னால் கிடையாது. 2024ல் 121 தோல்வி கண்ட சிகாகோ வொய்ட் சாக்ஸும் இதே விதியின் இன்னொரு பிரிவில் சிக்கி 10வதாகத்தான் எடுத்தது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வந்த விதி, வேறு வழி தெரியாமல் தோற்பவரையும் சேர்த்தே அடிக்கிறது.

கேள்வி: ஹண்டர் குட்மேனை விற்கணும்னு சிலர் சொல்றாங்க. பைத்தியமா?

கேட்சராக ஆடி 31 ஹோம் ரன், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். அவரை விற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை கேட்டால் கதவைச் சாத்தக் கூடாது. இந்த கிளப்பின் வியாதியே அதுதான். 2021 ஜூலையில் டிரெவர் ஸ்டோரியை விற்காமல் வைத்திருந்தார்கள். போனபோது மிஞ்சியது ஒரு ஈட்டு டிராஃப்ட் இடம். அதே குளிர்காலத்தில் பிட்சர் ஜான் கிரேக்கு, ஈடு கிடைப்பதற்காக விட வேண்டிய ஓராண்டுத் தகுதிச் சம்பள அழைப்புகூட விடவில்லை. அந்த ஈடும் இல்லை. நோலன் அரெனாடோவை சுமார் 50 மில்லியனும் சேர்த்துக் கொடுத்து செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அதில் வந்த ஆஸ்டின் காம்பர் 2025 ஆகஸ்டில் வெளியே. ரயன் மெக்மேன் ஆல்-ஸ்டாராக இருந்த 2024ல் விற்காமல், அடி சறுக்கிய பிறகு 2025 ஜூலையில் யாங்கீஸுக்கு அனுப்பி இரண்டு இளம் பிட்சர்களை வாங்கினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

முதலில் விற்க வேண்டியவர் மிக்கி மோனியாக். ஏஞ்சல்ஸ் வேண்டாமென்று விட்டவர், இங்கே வந்து 24 ஹோம் ரன். இதைவிட அவர் மதிப்பு ஏறாது. பிரென்டன் டாயில் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பேட்டில் மோசமான ஆண்டுதான், ஆனால் சென்டர் ஃபீல்டில் 2023, 2024 இரண்டிலும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது. நடுவில் 415 அடி விரியும் அந்த மைதானத்தில் அவர் ஓடிப் பிடிக்கும் பந்துகளுக்கு மற்ற ஊரைவிட விலை அதிகம். இறங்கிய விலைக்கு விற்றால் நஷ்டம் நமக்கு.

மறுகேள்வி: குட்மேனும் போயிட்டா யாரைப் பார்க்க ஸ்டேடியம் போறது?

119 தோல்வி ஆண்டிலும் சுமார் 24 லட்சம் பேர் வந்தார்கள். சாயங்கால வெயிலும் மலையும் பீரும் எந்த ட்ரேடிலும் போகாது. உரிமையாளர் டிக் மான்ஃபோர்ட் அவசரப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். உங்கள் பயம் நியாயம்தான், அதனால் விலையை உயர்த்திக் கேட்கலாம். 2026லேயே மேஜர் லீகுக்கு ஏறக்கூடிய இரண்டு தொடக்கப் பிட்சர்கள், அதற்குக் குறைந்தால் பேச்சில்லை.

கேள்வி: நம்ம ஆளுங்க வெளியூர் போனா ஏன் பேட்டே படமாட்டேங்குது?

டென்வரில் பத்து நாள் குறைவாக வளையும் பந்தைப் பார்த்துப் பழகிய கண், கடலோர ஊரில் இறங்கியதும் தடுமாறுகிறது. பந்து மூன்று அங்குலம் கூடுதலாக விழும், பேட் மேலே சுற்றிவிட்டுப் போகும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள், எதிரணி பிட்சரின் வீச்சை அப்படியே போடும் இயந்திரத்தில் கடல் மட்ட வளைவை வைத்துப் பயிற்சி எடுக்கலாம். முழுத் தீர்வு ஆகாது. ஸ்ட்ரைக் மண்டலத்துக்கு வெளியே துரத்தும் எசகியேல் டோவார் போன்றவர்களுக்கு இயந்திரத்தைவிடப் பொறுமைதான் மருந்து.

கேள்வி: காசு செலவழிக்காம ஆள் சேர்க்க வழி உண்டா?

கடைசி இடத்துக்குக் கிடைக்கும் ஒரு சலுகை வேய்வர் வரிசை. மற்ற கிளப் ஒருவரைக் கழற்றினால் முதலில் கை தூக்கும் உரிமை ராக்கீஸுக்கு. முடிவு சொல்ல 48 மணி நேரம்தான், எடுத்தவரை 40 பேரில் வைக்க வேண்டும்.

எடுக்கும்போது அவருக்கு 'ஆப்ஷன்' ஆண்டு மிச்சமா என்று பாருங்கள். மிச்சமிருந்தால் வேய்வர் இல்லாமல் அல்புகர்க்கிக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிடலாம், ஒரு சீசனில் ஐந்து முறை வரை. 20 நாள் கீழே இருந்தால் அந்த ஆண்டின் ஆப்ஷன் தீர்ந்தது. மொத்தம் மூன்று ஆண்டு. ஆப்ஷன் தீர்ந்த நல்ல ஆட்கள் மார்ச் கடைசி வாரத்தில் கொத்தாக வெளியே வருவார்கள். அன்றைக்கு 40ல் இரண்டு மூன்று இடம் தளர்வாக இருக்க வேண்டும். முகாமின் முதல் வாரத்திலேயே எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டால் முதல் உரிமை இருந்தும் பயனில்லை.

கேள்வி: 2003 டெட்ராய்ட் டைகர்ஸும் 43-119 தான். மூணே வருஷத்துல உலகத் தொடருக்குப் போனாங்களே?

போனார்கள். 2004ல் 72-90, 2006ல் 95-67. இவான் ரோட்ரிகஸை 4 ஆண்டு, 40 மில்லியனுக்கு எடுத்தார்கள். சியாட்டிலிலிருந்து கார்லோஸ் கியென் மலிவாக வந்தார். 2004 டிராஃப்டில் 2வதாக ஜஸ்டின் வெர்லேண்டர். அந்த 2வது இடம் இன்றைய விதியில் உறுதியில்லை. நான் எடுத்துக்கொள்வது வேறு: 2003ல் 20 வயது ஜெரமி பாண்டர்மேன் 6-19 வாங்கியும் அவரைக் கைவிடவில்லை. 2006ல் அவர் 14-8. டோலண்டருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ஆனால் டெட்ராய்ட்டில் பாண்டர்மேனுக்குப் பந்து வளைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: ரூல் 5 டிராஃப்டில் முதல் ஆள் நாமதானே? யாரை எடுக்கலாம்?

ஆமாம், 2025 டிசம்பர் 10. வேறு கிளப்பின் ஆட்களில், 18 வயதுக்குள் ஒப்பந்தமானவர் 5 சீசன், 19 அல்லது அதற்கு மேல் ஒப்பந்தமானவர் 4 சீசன் ஆகியும் 40 பேரில் சேர்க்கப்படாவிட்டால் எடுக்கலாம். விலை ஒரு லட்சம் டாலர். சீசன் முழுக்க ஆட்டத்துக்கான 26 பேரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய கிளப்புக்கு 50,000க்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஜெயிக்கும் அணிக்கு அந்த ஒரு இடம் பாரம். நமக்கு இல்லை.

வொய்ட் சாக்ஸ் 2024ல் முதல் ஆளாக மில்வாக்கியிலிருந்து ஷேன் ஸ்மித்தை எடுத்தது. 2025ல் அவர் ஆல்-ஸ்டார். அந்த மாதிரிப் பிட்சராகவே தேடுங்கள்: டபுள்-ஏ அல்லது டிரிபிள்-ஏ பார்த்தவர், வாக் (நான்கு தப்புப் பந்துக்குக் கொடுக்கும் இலவச பேஸ்) குறைவாகக் கொடுப்பவர், நல்ல சேஞ்ச்-அப்போ கட்டரோ உள்ளவர். 100 மைல் வேகத்தோடு இன்னிங்ஸுக்கு ஒரு வாக் கொடுப்பவர் வேண்டாம். அவரை மே மாதத்திலேயே திருப்பி அனுப்ப நேரும். பிட்சர் வரம்பு 13 என்பதால் முதலில் நடுவில் இறங்கி வீசும் நீள ரிலீவராக இரண்டு மூன்று இன்னிங்ஸ் கொடுத்து, வெளியூர் ஆட்டங்களில் தொடக்கம் கொடுக்கலாம். கூர்ஸில் முதல் தொடக்கம் ஜூன் வரை காத்திருக்கட்டும்.