புறநகரின் வாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். தேர்தல் நாளில் எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர்கூட வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. பக்கத்துப் பெரும்பாக்கத்தில், நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு வந்த மக்களின் குடியிருப்பிலோ காலையிலேயே வரிசை நிற்கிறது. படித்தவர்களுக்கு அரசியல் சார்பே கிடையாது, ஏழைகள் பணத்துக்காக வாக்களிக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா? வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன?

கி., மேடவாக்கம்

அன்புள்ள கி.,

உங்கள் நண்பர்களின் இரண்டு கூற்றுகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் கண்ணால் கண்டது உண்மை. உங்கள் சோழிங்கநல்லூர் தொகுதி 2008ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் உருவானது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டு தமிழகத்திலேயே பெரிய தொகுதியாக இருந்தது. மாநிலத்தின் வாக்குப்பதிவு 70 சதவீதத்தைத் தாண்டிய அந்தத் தேர்தலில் அங்கே பதிவானது ஏறத்தாழ 55 சதவீதம். இதில் ஒரு பகுதியைச் சோம்பலின் கணக்கில் எழுத முடியாது. வாடகை வீடு மாறிப் போனவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கும். புதிதாக வந்தவரின் பெயர் சொந்த ஊரில் இருக்கும். ஆள் ஓரிடத்திலும் பெயர் ஓரிடத்திலுமாக இருக்கும் பகுதியில் சதவீதம் குறைவாகத்தான் தெரியும்.

மீதிப் பகுதிக்குக் காரணம் தேவை என்று நினைக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு தன் தண்ணீரை லாரியில் வாங்கிக்கொள்கிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டரை ஓட்டுகிறது, வாசலில் தானே காவலாளியை நிறுத்துகிறது. பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். இப்படிச் சந்தாவிலேயே ஒரு சிறிய அரசாங்கத்தை நடத்திக்கொள்பவருக்குக் கவுன்சிலரின் பெயர் தெரியாமல் போவதில் வியப்பில்லை. குறை ஏதும் வந்தாலும் குடியிருப்போர் நலச் சங்கம் அதிகாரிக்கு மனு எழுதும், இல்லையெனில் நீதிமன்றத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போகும். ஆற்றங்கரையிலிருந்து வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து பெரும்பாக்கத்திலோ செம்மஞ்சேரியிலோ குடியமர்த்தப்பட்டவருக்கு அந்த வழிகள் இல்லை. ரேஷன் அட்டையின் முகவரி மாற்றம், பேருந்து, பழுதான மோட்டார், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று எல்லாவற்றுக்கும் அவர் கட்சிக்காரர் ஒருவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் வரிசையில் நிற்பதற்கு இந்த உறவு போதுமான காரணம். பணம் கொடுக்கப்படுவதில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரு தரப்பிலும் வாங்கிக்கொண்டு மூன்றாவதாகத் தன் கணக்குப்படி வாக்களிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

புறநகரின் சார்பு எப்படி அசைகிறது என்பதற்கு 2016 நல்ல உதாரணம். 2011இல் சோழிங்கநல்லூர், வேளச்சேரி, தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் ஆகிய ஐந்தும் அதிமுக கூட்டணிக்குப் போயின. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த தேர்தலில், மாநிலம் அதிமுகவை மீண்டும் ஆட்சியில் அமர்த்தியபோதே, இந்த ஐந்து தொகுதிகளும் திமுகவிடம் போயின. வெள்ளம் ஒன்றே காரணம் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அதே தேர்தலில் மேற்குப் புறநகரின் ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் ஆகியவற்றில் அதிமுகவே வென்றது, மதுரவாயல் பக்கமும் தண்ணீர் புகாமல் இல்லை. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு தெற்கில் அதிக எடை பெற்றது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்வது ஊகம்.

அடுக்குமாடி வாக்காளருக்குச் சார்பு இல்லை என்பதும் தவறு. அவருக்குக் கட்சி அமைப்பின் மீது நம்பிக்கை இல்லை, புதிய முகத்தின் மீது இருக்கிறது. உங்கள் சோழிங்கநல்லூரையும் உள்ளடக்கிய தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் 2009இல் சரத்பாபு என்ற இளம் தொழில்முனைவோர் சுயேச்சையாக நின்று பேசப்பட்டார். 2019இல் மக்கள் நீதி மய்யத்தின் ரங்கராஜன் 1 லட்சத்துக்கும் மேல் பெற்று மூன்றாவதாக வந்தார். 2024இல் பாஜகவின் தமிழிசை சௌந்தரராஜன் அதிமுகவைப் பின்தள்ளி இரண்டாமிடம் பிடித்தார். இந்தத் தொகுதியில் மயிலாப்பூரும் தியாகராய நகரும் உண்டு என்பதால் இவ்வாக்குகளை எல்லாம் புறநகரின் தலையில் கட்டக் கூடாது. ஆயினும் மூன்று தேர்தல்களில் மூன்று வேறு இடங்களைத் தேடிய ஒரு மனநிலை இங்கே இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அது கொள்கையற்றது அல்ல, பொறுமையற்றது. நாட்டை யார் ஆள்வது என்பதற்கு வரும் அவர், தன் தெருவின் மழைநீர் வடிகாலை யார் கவனிப்பது என்பதற்கு வருவதில்லை. 2022 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவானது சுமார் 44 சதவீதம்தான்.

உங்கள் ஊரில் ஒரு விந்தையும் உண்டு. பள்ளிக்கரணை மாநகராட்சி, அதை ஒட்டிய மேடவாக்கம் ஊராட்சி. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே ஊரின் பழைய குடும்பங்கள் செலுத்தும் செல்வாக்கைக் கட்சிகளின் வாக்கு சதவீதத்தை வைத்து அளக்கவே முடியாது.

கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அபராதத்துக்கு அஞ்சி வருபவர் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போவார், அவ்வளவுதான். முதலில் குடியிருப்பில் எத்தனை பேரின் பெயர் சொந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முகவரி மாற்றத்துக்கு இப்போது படிவம் 8 போதும். அதன் பிறகு ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும், தலைமைத் தேர்தல் அதிகாரி வெளியிடும் படிவம் 20ஐ எடுத்து, உங்கள் வாக்குச்சாவடியின் எண்ணிக்கையையும் பெரும்பாக்கத்துச் சாவடியின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நண்பர்களிடம் அதைக் காட்டிவிட்டு எழுதுங்கள்.