கால்பந்து ஜெர்சி சேகரிப்பு: வாங்குமுன், துவைக்குமுன், விற்குமுன்

ஆன்லைனில் பழைய நைக் ஜெர்சி ஒன்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. படங்களை மட்டும் பார்த்து அசலா போலியா என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் முன்பக்கப் படம் ஒன்று போதாது. விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: உள்ளே இருக்கும் துவைப்பு லேபிள்கள், கழுத்துப் பட்டையின் உட்புறம், ஜெர்சியைத் திருப்பிப் போட்டுக் கிளப் சின்னத்தின் பின்பக்கம், ஸ்பான்சர் அச்சின் ஓரம் மிகக் கிட்டத்தில். இந்த நான்கையும் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் லேபிள். அதில் தயாரிப்பு எண் இருக்கும். நைக்கில் ஆறு இலக்கம் (புதியவற்றில் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும்), ஒரு சிறு கோடு, பிறகு மூன்று இலக்கம் என்று வரும். அந்தக் கடைசி மூன்றும் நிறத்தைச் சொல்பவை. 100 வெள்ளை, 010 கறுப்பு, 4-இல் தொடங்குபவை நீலம், 6-இல் தொடங்குபவை சிவப்பு. முழு வெள்ளை ஜெர்சியின் லேபிளில் 6-இல் தொடங்கும் எண் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடிடாஸின் சமீபத்திய ஜெர்சிகளில் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த ஒரே தொகுதி இருக்கும். எந்த நிறுவனமானாலும் எண்ணை அப்படியே தேடுபொறியில் போட்டால் அதே அணி, அதே சீசன், அதே நிறம் வர வேண்டும். போலி தயாரிப்பவர்கள் ஒரே லேபிளை மொத்தமாக அச்சடித்து எல்லா அணி ஜெர்சியிலும் தைத்துவிடுவார்கள். அதனால்தான் ஒரு கிளப் ஜெர்சியின் எண்ணைத் தேடினால் வேறு கிளப்பின் ஜெர்சி வந்து நிற்கிறது.

எண் பொருந்தினால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. சரியான எண்ணோடு வரும் போலிகளும் உண்டு. தவறான எண் போலியைக் காட்டிக்கொடுக்கும், சரியான எண் அடுத்த சோதனைக்கு அனுப்பும், அவ்வளவுதான். அந்த அடுத்த சோதனை சின்னம். எம்பிராய்டரி சின்னத்தில் இருக்கும் குட்டி எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். போலியில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், எழுத்துக்கு எழுத்து நூல் இழுபட்டுத் தாவியிருக்கும்.

தயாரிப்பு எண் இல்லாத 1990-களின் ஜெர்சிக்குத் துணிதான் சாட்சி. அந்தக் காலத்தில் நிறைய ஜெர்சிகளில் நிழல் போன்ற வடிவம் துணியிலேயே நெய்யப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் பளபளப்பு மாறும். போலியில் அது வெறும் அச்சாக இருக்கும், அல்லது வடிவத்தின் அளவு மாறியிருக்கும். இத்தாலியக் கிளப் ஃபியோரென்டினாவின் 1992-93 வெள்ளை அவே (வெளி மைதான ஆட்டங்களுக்கான) ஜெர்சி போன்றவற்றில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். லோட்டோ தயாரித்த அதன் வடிவமைப்பில் ஸ்வஸ்திகா போன்ற உருவம் தெரிந்ததால் சீசன் நடுவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரிதானது என்று ஊரறிந்த ஜெர்சியைத்தான் போலி செய்பவர்களும் தேடிப் பிடிப்பார்கள்.

ரெப்ளிகா, பிளேயர் வெர்ஷன், மேட்ச் இஷ்யூ, மேட்ச் வோர்ன்: என்ன வித்தியாசம்?

ரெப்ளிகா ரசிகர்களுக்காகத் தைத்தது. தளர்வான அளவு, பெரும்பாலும் எம்பிராய்டரி சின்னம். பிளேயர் வெர்ஷனும் கடையில் கிடைப்பதுதான், ஆனால் மைதானத்தில் அணியும் மெல்லிய துணியில், உடலோடு ஒட்டிய வெட்டில், சூட்டில் ஒட்டிய சின்னத்தோடு வரும். மேட்ச் இஷ்யூ என்பது குறிப்பிட்ட ஆட்டத்துக்காக ஒரு வீரருக்குத் தயாரித்துக் கொடுத்தது. அவர் அணிந்தாரா என்பது தெரியாது. அணிந்து ஆடியது மட்டுமே மேட்ச் வோர்ன். கடைசி இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மிகப் பெரியது. ஏமாற்று வேலையும் அந்த இடைவெளியில்தான் அதிகம் நடக்கிறது.

மேட்ச் வோர்ன் என்று சான்றிதழோடு விற்கிறார்கள். நம்பலாமா?

சான்றிதழை யார் கொடுத்தார் என்று பாருங்கள். விற்பவரே அச்சடித்த தாளுக்கு மதிப்பில்லை. கிளப்போ, கிளப்போடு ஒப்பந்தம் வைத்துள்ள ஏல நிறுவனமோ கொடுத்திருந்தால் பரவாயில்லை. அதைவிட வலுவானது புகைப்படப் பொருத்தம்.

செய்முறை இதுதான். அந்த ஆட்டத்தின் உயர்தரப் படங்களைத் திரட்டுங்கள். ஜெர்சிக்கு ஜெர்சி மாறும் இடங்களை மட்டும் பாருங்கள்: எண்ணின் ஓரம் தையல் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, கைப் பட்டையில் பேட்ச் எந்தக் கோணத்தில் ஒட்டியிருக்கிறது, கோடுபோட்ட துணியென்றால் சின்னம் எந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஜெர்சியிலும் ஒரேபோல இருக்கும் விஷயம் பொருந்தினால் அதனால் ஒரு பயனும் இல்லை. புல் கறையும் கிழிசலும் பிறகு உண்டாக்கக் கூடியவை. அவற்றைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். இடைவேளையில் வீரர்கள் ஜெர்சி மாற்றுவது சகஜம் என்பதால் முதல் பாதி, இரண்டாம் பாதிப் படங்களைத் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த ஜெர்சியில் இந்தக் கேள்விதான் எழுந்தது. ஆட்டம் முடிந்து மரடோனாவோடு ஜெர்சி மாற்றி அதைப் பெற்றவர் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ். 2022-இல் அது ஏலத்துக்கு வந்தபோது, அது முதல் பாதியில் அணிந்தது, கோல்கள் அடித்தபோது அணிந்தது வேறு என்று மரடோனாவின் குடும்பத்தார் சொன்னார்கள். சாத்பிஸ் ஏல நிறுவனம் பேட்ச், கோடுகள், எண் ஆகியவற்றைப் படங்களோடு பொருத்திப் பார்த்து, இரண்டு கோலும் அடித்தபோது அணிந்தது இதுவே என்று உறுதிசெய்தது. அந்த ஆட்டத்துக்கான நீல ஜெர்சிகள் மெக்சிகோவில் கடையில் வாங்கி, அவசரமாகச் சின்னம் தைத்து, எண்ணை இஸ்திரி போட்டு ஒட்டியவை. கையால் செய்ததில் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. ஒப்பிடுபவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஜெர்சியில் போட்ட பணம் வளருமா?

இந்த சீசன் ரெப்ளிகாவை முழு விலைக்கு வாங்கி மடித்து வைத்தால் பெரும்பாலும் நஷ்டம்தான். பெரிய கிளப்புகள் வருடத்துக்கு மூன்று ஜெர்சி விடுகின்றன. சீசன் முடிவில் அவையே தள்ளுபடிக்கு வருகின்றன. வாங்குவதாக இருந்தால் அப்போது வாங்குங்கள்.

ஏலச் செய்திகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அணிந்தது 2000-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 91,750 பவுண்டுக்கும், 1970 இறுதியாட்டத்தில் பெலே அணிந்தது 2002-இல் 157,750 பவுண்டுக்கும் போயின. மேலே சொன்ன மரடோனா ஜெர்சி 71 லட்சம் பவுண்டைத் தாண்டியது. மெஸ்ஸியின் 2022 உலகக் கோப்பை ஜெர்சிகள் ஆறும் சேர்ந்து 2023-இல் 78 லட்சம் டாலர். இவை அணிந்து ஆடியவை, உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பவை. இவற்றின் விலை ஏறியதால் கடை ஜெர்சியும் ஏறும் என்று கணக்குப் போட முடியாது.

ரெப்ளிகாவில் நிலைத்து நிற்பவை, கதை உள்ளவையும் குறைவாக விற்றவையும். மான்செஸ்டர் யுனைட்டெட் 1995-96 சாம்பல் நிற அவே ஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அணிந்து ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. சவுதாம்ப்டனில் 3-0 என்று பின்தங்கியிருந்தபோது இடைவேளையில் கழற்றிப் போட்டார்கள். இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஒரே ஜெர்சியில் முழுக்கை, கோல்கீப்பர் வகைகள் குறைவாகவே வந்திருக்கும், அதனால் கவனியுங்கள். ஆனால் தேவை எந்தக் கிளப்புக்கு இருக்கிறது என்பதுதான் முதலில். யாரும் தேடாத ஜெர்சி எவ்வளவு அரிதாக இருந்தும் பயனில்லை.

லாபக் கணக்கில் விற்பனை இணையதளக் கட்டணம், ஏலக் கமிஷன், தபால் செலவு, சுங்கவரி எல்லாவற்றையும் கழியுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். என் கருத்தில், விற்காமல் போனாலும் வைத்துக்கொள்ள மகிழ்ச்சி தரும் ஜெர்சியில் மட்டும் பணம் போடுங்கள்.

1990-களின் ஜெர்சியில் ஸ்பான்சர் எழுத்து பிசுபிசுவென்று ஒட்டுகிறது. துவைக்கலாமா?

அச்சில் இருக்கும் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் சிதையும்போது இப்படி ஆகும். திருப்பிச் சரிசெய்ய முடியாது, வேகத்தை மட்டும் குறைக்கலாம். இந்த நிலையில் துவைத்தால் அச்சு உரியும். அச்சின் மேல் சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பரை வைத்து, எழுத்தோடு எழுத்து படாமல், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும்.

அச்சு நன்றாக இருக்கும் ஜெர்சியைத் துவைக்குமுன் உள்தையல் ஒன்றில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஏறினால் ஊறவைக்காதீர்கள். சிவப்பும் வெள்ளையும் கலந்த பழைய ஜெர்சிகள் இதில்தான் பாழாகின்றன. மற்றபடி உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, 30 டிகிரிக்கு மேற்படாத நீரில், மென்மையான திரவ சோப்பில் கையால் அலசுங்கள். பிழியாமல் டவலில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துங்கள். துணி மென்மையாக்கி, பிளீச், டிரையர் மூன்றும் கூடாது. நூல் இழுத்துக்கொண்டு வந்திருந்தால் வெட்டாமல் மொட்டை ஊசியால் உட்பக்கம் இழுத்துவிடுங்கள்.

கையெழுத்திட்ட ஜெர்சியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம், வெயில் படாத சுவரில். துவைக்கவே கூடாது. பசையோ ஒட்டுநாடாவோ இல்லாமல் அமிலமற்ற அட்டையில் நூலால் தைத்து நிறுத்தச் சொல்லுங்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டு, அது ஜெர்சியைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். மையும் சாயமும் ஒருமுறை மங்கினால் திரும்பாது. சட்டமிடாதவற்றை அமிலமற்ற டிஷ்யூ தாள் வைத்து மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கலாம். பிவிசி உறைகள் வேண்டாம்.

பெயர் இல்லாத பழைய பிரீமியர் லீக் ஜெர்சியில் இப்போது பெயர் அச்சிடலாமா?

அணிந்துகொள்ள என்றால் தாராளமாக. விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். பெயருக்கும் எண்ணுக்கும் லீக்கின் பொது எழுத்துரு 1997-இல் வந்து 2007, 2017, 2023 ஆண்டுகளில் மாறியது. சீசனுக்குப் பொருந்தாத எழுத்துருவைச் சேகரிப்பவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய எல் சைஸ் எனக்குச் சரியாக இருக்குமா?

லேபிள் சைஸை விட்டுவிடுங்கள். 1990-களின் எல் தொளதொளவென்று இருக்கும், இன்றைய பிளேயர் வெர்ஷன் எல் இறுக்கிப் பிடிக்கும். உங்களுக்குப் பொருந்தும் ஒரு ஜெர்சியைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரையும், தோளிலிருந்து கீழ் விளிம்பு வரையும் சென்டிமீட்டரில் அளந்து வையுங்கள். விற்பவரிடம் அதே இரண்டு அளவையும் கேளுங்கள்.